ஒரு பிடி மணலும் ஒரு குவியல் மணலும்

உத்தரப் பிரதேசத்தில் பிரயாக்ராஜை அடுத்துள்ள சங்கர்கட் வட்டாரத்தில் விந்திய மணற்கல் வெட்டியெடுக்கப்படுகிறது. அதை நொறுக்கிக் கழுவிப் பெறும் வெண்மணல் கண்ணாடித் தொழிலில் பெயர்பெற்றது. கண்ணுக்கு ஒரே வெண்மையாகத் தோன்றும் இம்மணலின் தரத்தைப் பெரிதும் நிர்ணயிப்பது, அதில் மிகச் சிறிதளவே கலந்துள்ள இரும்பாகும். இரும்பு ஆக்ஸைடு சற்று மிகுந்தாலும் நிறமற்றதாக இருக்கவேண்டிய கண்ணாடியில் பச்சைச் சாயல் படரும். ஆகவே, விற்பவரும் வாங்குபவரும் ஆய்வுக்கூடத்தின் முடிவையே நம்பியிருக்கின்றனர்.

50 டன் மணற்குவியலைப் பற்றிக் கூறவேண்டிய ரசாயன நிபுணர், இறுதியில் தராசில் இடுவது ஏறத்தாழ 1 கிராம் மணலே. அது குவியலில் ஐந்து கோடியில் ஒரு பங்கு. தராசு எவ்வளவு நுட்பமானதாயினும், மாதிரி எடுக்கையில் நேர்ந்த பிழையை அதனால் திருத்த இயலாது. அப்பிழையால் நல்ல படுகை பயனற்றதென ஒதுக்கப்படலாம். தாழ்ந்த மணல் உலைக்குச் சென்று கண்ணாடி முழுவதும் வீணாகலாம்.

உலர்ந்த மணலைக் கொட்டும்போது பருமணிகள் சரிவில் உருண்டு அடிவாரத்தில் சேர்கின்றன. நுண்மணிகள் நடுப்பகுதியில் தங்கிவிடுகின்றன. ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். பருமணலையும் நுண்மணலையும் கலந்து, புனல் வழியாக மேசைமீது கொட்டினால் மணிகள் தாமே பிரிவதை மாணவர்கள் நேரில் காண்பர். குவியலின் ஓரத்தில் அள்ளிய ஒரு பிடி மணல் அக்குவியலின் மாதிரி ஆகாது என்பது அப்போது விளங்கும்.

எனவே, காற்றும் தூசியும் பட்ட மேற்பரப்பை நீக்கிவிட்டு, உச்சி, நடு, அடி ஆகிய மூன்று மட்டங்களிலும், குவியலைச் சுற்றிப் பல இடங்களிலும் சம அளவாக மணல் எடுத்தல் வேண்டும். படுகையாயின் குழி தோண்டி, அதன் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரே அகலத்தில் சுரண்டி எடுக்கலாம். நிறம் மாறும் ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே பைகளில் இடுவது நன்று.

சேர்த்த மணலைத் தூய தார்ப்பாயில் பரப்பிக் கலந்து, கூம்பாகக் குவித்து, உச்சியை அழுத்தித் தட்டையாக்கி, நான்கு சம கூறுகளாகப் பிரிக்கவேண்டும். எதிரெதிரான இரு கூறுகளை விலக்கி, எஞ்சியவற்றை மீண்டும் கலக்கவேண்டும். தேவையான அளவு வரும்வரை இவ்வாறே செய்யவேண்டும். விலக்கும் கூறுகளின் நுண்தூளையும் துடைத்து அகற்றுதல் அவசியம். இறுதி மாதிரியில் ஒரு பாதியை அனுப்பி, மறுபாதியை முத்திரையிட்டு வைத்துக்கொண்டால் பின்னர் ஐயம் எழுந்தால் பயன்படும்.

கருவிகளிலும் கவனம் தேவை. 0.04 சதவீத இரும்பு ஆக்ஸைடு உள்ள 1 கிலோகிராம் மணலில் அதன் எடை 0.4 கிராமே. மாதிரியை இரும்பு உரலில் இடித்ததால் 0.1 கிராம் இரும்பு சேர்ந்துவிட்டால், சோதனை ஏறத்தாழ 0.054 சதவீதம் எனக் காட்டும். அதைக் காந்தத்தால் நீக்க முயன்றால் மணலில் இயற்கையாகவே உள்ள காந்தக் கனிமங்களும் உடன் நீங்கும். ஆகவே, களத்தில் இடிக்காமலே அனுப்புவது மேல். ஆய்வுக்கூடத்தில் அகேட் கல்வத்தில் பொடிப்பர். துருப்பிடித்த மண்வாரியும், சிமெண்டோ உரமோ இருந்த பழைய சாக்கும் உதவா.

எத்தொழிலுக்கான மணல் என்பதைப் பொறுத்துச் சோதனையும் மாறுபடும். கண்ணாடி மணலில் ஸிலிகா, இரும்பு, அலுமினா ஆகியவை கணிக்கப்படும். வார்ப்படச் சாலைக்குரிய மணலில் மணிகளின் அளவும் களிமண் அளவும் முக்கியம். அதனைத் தூய்மை கருதிக் களத்திலேயே கழுவிவிட்டால் அளக்கவேண்டிய களிமண்ணே போய்விடும். ஆதலால், நிபுணரின் ஆலோசனையை மாதிரி எடுத்தபின் நாடுவதைவிட, எடுப்பதற்கு முன்னரே நாடவேண்டும். கொல்கத்தாவில் 1950-ல் திறக்கப்பெற்ற மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் போன்ற ஆய்வு நிலையங்களுக்கு எழுதும்போது, மணலின் இடம், படுகையின் பரப்பு, குவியலின் அளவு, உத்தேசித்த பயன் ஆகியவற்றைத் தெரிவித்து, எத்தனை இடங்களில் எவ்வளவு எடுப்பது எனக் கேட்கலாம். மாதிரிப் பையுடன் இடம், ஆழம், தேதி, எடுத்த முறை, எடுத்தவர் பெயர் ஆகியவை கொண்ட சீட்டு இருத்தல் வேண்டும். இவ்விவரங்கள் இல்லாத மணலைச் சோதித்தால் கிடைக்கும் முடிவு அந்தப் பைக்கு மட்டுமே பொருந்தும், படுகைக்குப் பொருந்தாது.