மலைவழிப் போக்குவரத்தும் மின்வண்டித் தெரிவும்

ஒரு வினையை மேற்கொள்ளுமுன் அதனால் நேரும் இழப்பையும், கிட்டும் பயனையும், பின்னர் விளையும் ஆதாயத்தையும் ஒருங்கே சீர்தூக்குதல் அறிவுடையார் செயல் என்பது தமிழ் நூலோர் கொள்கை. இதன் பொருட்டே திருவள்ளுவர் தெரிந்துசெயல்வகை என ஓர் அதிகாரம் வகுத்தனர். அரசியல் வினைக்கென அவர் கூறிய இம்முறை இல்வாழ்வார்தம் அன்றாட வினைக்கும் பொருந்துவதேயாம். இற்றை நாளில் மலையகத்து இளைஞர் பலர் நாள்தோறும் நெடுந்தூரஞ் சென்று மீளும் தொழிலினராய் உள்ளனர். அவர்தம் கருத்து மின்சத்தியால் இயங்கும் ஈருருளி வண்டிகளின்மேற் சென்றுள்ளது. சமதரையில் நன்கு பயன்படும் வண்டி மலைவழியிலும் அவ்வாறே பயன்படுமா என்பதும், இறம்பொடை போன்ற ஓர் ஊரினர்க்கு எத்தகைய வண்டி ஏற்றது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் வழியை நோக்குவோம். கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் பெருந்தெருவில், 109 மீற்றர் உயரமுடைய அருவியின் அருகே அமைந்தது இறம்பொடை. கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 1,000 மீற்றர். நுவரெலியாவின் உயரமோ 1,868 மீற்றர். இடையிலுள்ள தூரம் முப்பது கிலோமீற்றர் அளவினது. லபுக்கலைத் தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி ஏறும் இவ்வழியில் மழையும் மூடுபனியும் முன்னறிவிப்பின்றி வந்து சேரும். ஊரையடுத்து மலையைக் குடைந்து அமைத்த சுரங்கவழியும் உண்டு.

இவ்வழியே நாளும் சென்று வருவார்க்கு ஊர்தி பற்றிய கவலை எத்துணைப் பெரிது என்பதை 2022-ஆம் ஆண்டு உணர்த்திற்று. அவ்வாண்டின் தொடக்கத்தில் லீற்றர் ஒன்று 177 ரூபாவாக இருந்த 92 ஒக்ரேன் பெற்றோல், யூன் 26-ஆம் நாளில் 470 ரூபாவாயிற்று. விலை கொடுப்பார்க்கும் எண்ணெய் கிடைத்திலது. யூலை மாதத்தில் அறிமுகமான எரிபொருள் அனுமதி முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரமொன்றுக்கு நான்கு லீற்றரே முதலில் வழங்கப்பட்டது. லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடும் வண்டியாயினும் நான்கு லீற்றரில் 160 கிலோமீற்றரே செல்லலாகும். நாளொன்றுக்கு 60 கிலோமீற்றர் சென்று மீள்வோனுக்கு அது மூன்று நாட்களுக்கும் போதாது. அம்முறை 2023 செத்தெம்பரில் நீங்கிற்று. ஆயினும் அது கற்பித்த பாடம் நீங்கவில்லை.

இனி, மலையேற வேண்டிய சத்தியைக் கணக்கிடுவோம். 95 கிலோகிராம் எடையுள்ள மின் ஸ்கூட்டரில் 65 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் செல்வதாகக் கொள்க. மொத்த எடை 160 கிலோகிராம். அதனை 900 மீற்றர் உயர்த்துதற்கு வேண்டிய சத்தி ஏறத்தாழ 390 உவாற்று-மணி. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் சக்கர உராய்வையும் காற்றின் தடையையும் வெல்லுதற்குக் கிலோமீற்றர் ஒன்றுக்கு 14 உவாற்று-மணி வீதம், முப்பது கிலோமீற்றருக்கு 420 வேண்டும். ஆக 810. மோட்டாரிலும் பிறவற்றிலும் ஐந்தில் ஒரு பங்கு வீணாகுமெனக் கொண்டால், மின்கலவடுக்கு அளிக்க வேண்டுவது ஏறத்தாழ 1,000 உவாற்று-மணி. அஃதாவது மின்சாரப் பட்டியலிற் குறிக்கப்படும் ஓர் அலகு.

இவ்வெண்ணைக் கைக்கொண்டு கடைக்குச் செல்வோன் விளம்பரத்தால் மயங்கான். விற்போர் ஒரே மின்னேற்றத்தில் இத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பர். அது பெரும்பாலும் சமதரையில், மெல்லிய வேகத்தில், ஒருவரே செல்லுங்கால் பெறும் அளவு. ஆதலின் தூரத்தை வினவாது, உவோற்றையும் அம்பியர்-மணியையும் வினவுதல் வேண்டும். இரண்டையும் பெருக்க வருவதே உவாற்று-மணி. 48 உவோற்று, 20 அம்பியர்-மணி எனில் 960; இறம்பொடை ஏற்றத்துக்கு அது குறைவு. 60 உவோற்று, 24 அம்பியர்-மணி எனில் 1,440. ஏற்றத்தை முடித்தபின்னும் கையிருப்பு எஞ்சும். அக்கையிருப்பு ஆடம்பரமன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மண்சரிவுகளால் மலைநாட்டுத் தெருக்கள் பல தடைப்பட்டன. சுற்றுவழி செல்ல நேருங்கால் எஞ்சிய மின்னே துணை.

மின்கலவடுக்கின் இனமும் கருதத்தக்கது. ஈய-அமில வகை விலை குறைந்தது. ஆனால் எடை மிக்கது. 960 உவாற்று-மணிக்கே முப்பது கிலோகிராம் அளவில் நிற்கும், நாள்தோறும் முற்றாக வடித்து மீள நிரப்பின் சில நூறு முறைகளில் நலிந்துவிடும், குளிரிலும் வலிகுன்றும். இலிதியம் வகை எடையில் அதன் பாதிக்கும் குறைவு. இலிதியம்-இரும்பு-பொசுபேற்று எனப்படும் இனம் ஈராயிரம் முறையளவும் தாங்க வல்லது. மிகு வெப்பத்தால் தீப்பற்றும் அச்சமும் அதில் ஒப்பளவிற் குறைவு. தொடக்கத்தில் மிச்சமான பணம் இரண்டாண்டினுள் புதிய மின்கலவடுக்கு வாங்குதலிற் செலவாகுமாயின் அது மிச்சமாகாது. பழைய வண்டி கொள்வார்க்கு இவ்வெச்சரிக்கை இருமடங்கு வேண்டும். 2020 மார்ச்சு முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால், ஆண்டு பல கடந்த வண்டிகள் கைமாறி வருகின்றன. அவற்றின் நிறத்தையன்று, மின்கலவடுக்கின் வயதையே காணல் வேண்டும். ஒருமுறை மலையேற்றிப் பார்த்தலே தக்க சோதனை.

அடுத்தது மோட்டாரின் வலு. நூறு மீற்றருக்கு எட்டு மீற்றர் ஏறும் செங்குத்தான இடத்தில், மேற்கூறிய வண்டி மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்திற் செல்ல ஏறத்தாழ 1,450 உவாற்று வேண்டும். பின்னால் ஒருவரை ஏற்றினால் 1,900 அளவாகும். ஈண்டு உச்ச வலு வேறு, தொடர் வலு வேறு என்பதை உணர்தல் வேண்டும். உச்ச வலு சில நொடிகட்கு மட்டும் எட்டுவது. தொடர் வலுவே ஒரு மணிநேர ஏற்றத்தைத் தாங்குவது. சக்கரத்தினுள் அமைந்த சிறு மோட்டார், ஏற்றத்தில் மெதுவாகச் சுழலுங்கால் மின்னை இயக்கமாக்காது வெப்பமாக்கும். வழிநடுவே அது ஓய்ந்து நிற்றற்கு இதுவே காரணம்.

மிதித்துச் செல்லும் மின் துவிச்சக்கர வண்டி போதாதோ எனின், கணக்களவில் அதுவும் ஏறும். வண்டியும் ஆளுமாக 90 கிலோகிராம் ஆதலின், செல்வோர் ஓரளவு மிதித்து உதவினால் 500 உவாற்று-மணி போதுமானது. மோட்டார் மிதிகட்டையோடு இணைந்து, பற்சக்கரங்களின் வழி இழுப்பதாயின் 250 உவாற்றும் ஏற்றத்தைச் சமாளிக்கும். ஆனால் ஏறுதற்கு ஒன்றரை மணிநேரமும் மேலும் ஆகலாம். மூடுபனியிலும் மழையிலும், பேருந்துகளுக்கும் பாரவண்டிகளுக்கும் இடையே அவ்வளவு நேரம் செல்லுதல் எல்லார்க்கும் இயல்வதன்று. பத்துக் கிலோமீற்றருக்கு உட்பட்ட பயணத்துக்கு அது நன்று. நுவரெலியா வரை நாளும் செல்வார்க்கு ஸ்கூட்டரே தகும்.

ஏறுதலினும் இறங்குதலே அஞ்சத்தக்கது. 900 மீற்றர் ஏறிப் பெற்ற சத்தி அனைத்தும் இறங்குங்கால் எங்கேனும் செலவாதல் வேண்டும். அதிற் பெரும்பகுதியைக் காற்றும் உராய்வும் கொள்ளும். செங்குத்தான இடங்களில் எஞ்சுவதைப் பிரேக்கே வெப்பமாக ஏற்கும். பெற்றோல் வண்டியில் இயந்திரமே ஓரளவு வேகத்தைத் தடுக்கும். மின்வண்டியில், இறக்கத்தில் மோட்டாரை மின்பிறப்பாக்கியாக மாற்றும் அமைப்பு இருந்தாலன்றி அத்துணை இல்லை. அவ்வமைப்பும் மின்கலவடுக்கு நிரம்பியிருக்குங்கால் முழுமையாகத் தொழிற்படாது. ஆகவே மேட்டில் வாழ்ந்து காலையில் இறங்குவோர் முழு மின்னேற்றத்தோடு புறப்படுதல் நன்றன்று. இரு சக்கரங்களுக்கும் தட்டுப் பிரேக் உடைய வண்டியையே கொள்க. 2025 மே 11-ஆம் நாள், இதே தெருவில் கொத்மலையின் கெரண்டியெல்லைப் பகுதியில் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர். அத்தெருவின் இயல்பை அறிந்தார் பிரேக்கிற் சிக்கனம் பாரார்.

பயணத்தின் திசையும் தெரிவை மாற்றும். இறம்பொடையில் வாழ்ந்து நுவரெலியாவில் தொழில் செய்வோர் காலையில் நிரம்பிய மின்னோடு ஏறி, மாலையில் ஏறக்குறையச் செலவின்றி இறங்குவர். கம்பளைப் பக்கம் தொழிலுக்குச் செல்வோர்க்கு நிலை நேர்மாறானது. களைத்த மாலைப்பொழுதில், எஞ்சிய மின்னைக்கொண்டு அவர் ஏறுதல் வேண்டும். தூரம் ஒன்றாயினும் பின்னையவர் தொழிலிடத்தில் மின்னேற்றும் வசதி உண்டா என்பதை முன்னரே உறுதிசெய்தல் வேண்டும்.

இனி, வீட்டின் நிலை. தோட்டத்து லயன் அறைகள் பல தெருவிலிருந்து விலகி, படிகளும் கற்பாதையும் கடந்து அமைந்தவை. வண்டி வாசல்வரை வாராது. ஆதலின் கழற்றி எடுத்துச் செல்லத்தக்க மின்கலவடுக்கு அங்கு இன்றியமையாதது. இரவில் ஐந்து மணிநேரத்தில் நிரப்புதற்கு 300 உவாற்று அளவே செல்லும். அது துணி மினுக்கும் மின்னழுத்தியினும் குறைவு. எனினும் பழைய மெல்லிய கம்பிகளில் பல வீடுகள் இணைந்திருப்பின் தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு சோதித்தல் கடன். மின்கசிவு நேரின் தானே துண்டிக்கும் ஆளி வேண்டும். அடுப்பங்கரையிலும், படுக்கையருகிலும், வெளியேறும் ஒரே வாயிலின் முன்னும் மின்னேற்றலாகாது. ஓர் அறையில் எழும் தீ லயன் முழுவதையும் பற்றும் என்பது மலையகத்தார் அறிந்ததே. மழைநாட்டுக்கு ஐபி 67 எனக் குறிக்கப்பட்ட காப்பு ஏற்றது. ஒரு மீற்றர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடப்பினும் உள்ளே நீர் புகாமை அதன் பொருள்.

இவையெல்லாம் ஆராய்ந்தபின் சிலர்க்குப் பேருந்தே நன்று எனத் தோன்றலாம். அதுவும் தக்க முடிபே. கடன்பட்டு வாங்கிய வண்டி மின்கலவடுக்கு நலிந்து லயத்து ஓரத்தில் நிற்குமாயின், குடும்பத்தின் பல மாத உழைப்பும் அதனோடு நிற்கும்.

இறம்பொடையின் கீழே விரிந்து கிடப்பது கொத்மலை நீர்த்தேக்கம். 1985 முதல் இயங்கிவரும் அதன் மின்நிலையம் 201 மெகாவாற்று வலுவுடையது. ஒரு கன மீற்றர் நீர் 200 மீற்றர் வீழுமாயின் ஏறத்தாழ அரை அலகுச் சத்தி தரும். மலையினின்று இறங்கும் இரண்டு மூன்று கன மீற்றர் நீர் ஒருவனை மலைமேல் ஏற்றுதற்குப் போதும் என்றவாறு. அந்நீர் பொழியும் மலைகளிற் பாடுபடுவோர் மக்கள் அச்சத்தியைத் தம் உயர்வுக்கு அறிந்து பயன்கொள்ளுதல் முறையே. வழியை முதலிலும், வீட்டை அடுத்தும், வண்டியை இறுதியிலும் ஆராய்ந்து கொள்வார்க்கு அது கைகூடும்.