நாளுக்கொரு பக்கம் வாசித்தால் பெண்களின் வாழ்வு நிறைவுறுமா?

காலையில் எழுந்ததும் நல்ல நூலொன்றில் ஒரு பக்கமேனும் வாசிக்க வேண்டும், அந்த ஒரு பக்கம் அன்றைய நாளையே மாற்றியமைக்கும் என்பது இன்று பெண்களுக்குப் பரவலாகக் கூறப்படும் அறிவுரையாகும். நாள்தோறும் ஒன்றாக வாசிக்கத்தக்க தன்னம்பிக்கை நூல்களும் பத்திரிகைகளின் மகளிர் பக்கங்களும் வானொலியின் காலை நேரச் சிந்தனைகளும் நெடுங்காலமாக இதனைச் சொல்லி வந்துள்ளன. இப்போது சூரியோதயப் படத்துடன் வட்ஸ்அப் வழியே வந்து சேரும் வாசகங்களும் அவற்றோடு இணைந்துவிட்டன.

இவ்வாசிப்பு பெண்களுக்கு உண்மையான நிறைவைத் தருகின்றதா என்ற வினா, வசதி படைத்த நகரத்தாரின் பொழுதுபோக்கு வினாவாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயின் வடமராட்சியின் உடுப்பிட்டி போன்றதோர் ஊரில் நின்று கேட்கும்போது அதன் கனம் வேறு. 1987ஆம் ஆண்டு மே மாத இறுதியில் தொடங்கிய 'ஒப்பரேஷன் லிபரேஷன்' இராணுவ நடவடிக்கை முதல் 2009 வரையிலான இழப்புகளையும் இடப்பெயர்வுகளையும் கண்ட நிலப்பரப்பு அது. பிள்ளைகளை வெளிநாட்டிற்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியின் அருகே காத்திருக்கும் தாய்மாரும், கணவரை இழந்தோ பிரிந்தோ குடும்பத்தைத் தனித்து நடத்தும் பெண்களும் அங்கு வாழ்கின்றனர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளம் முதலிய இடங்களில் வாழ்வை மீளத் தொடங்க நேர்ந்த முஸ்லிம் பெண்களுக்கும் இவ்வினா பொருந்தும். மனம் தளராதே என்று எழுதப்பட்ட பக்கம் இவர்களின் கைக்கு வரும்போது அது என்ன செய்கின்றது என்பதே நமது விசாரம்.

நாள்தோறும் வாசித்து மனத்தைத் திடப்படுத்தும் வழக்கம் நமக்கு மேலைநாட்டிலிருந்து நேற்று வந்ததன்று. கார்த்திகை, மார்கழி மாதங்களில் 21 நாட்கள் பெருங்கதை விரதமிருக்கும் சைவப் பெண்கள், சுன்னாகம் வரதபண்டிதரின் பிள்ளையார் கதையை வாசிக்கவும் வாசிக்கக் கேட்கவும் செய்வர். யோகர் சுவாமிகளின் 'நற்சிந்தனை' பல யாழ்ப்பாண வீடுகளில் பூசையறை நூலாகவே இருந்து வருகின்றது. முஸ்லிம் இல்லங்களில் அதிகாலைத் தொழுகைக்குப் பின் திருக்குர்ஆன் ஓதும் பழக்கமும், குடும்பத்தினர் ஓரிடத்தில் அமர ஒருவர் நூலை வாசித்துக் காட்டும் தஃலீம் வழக்கமும் உண்டு. 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை நிறுவிய அமெரிக்க மிஷன், 1860களின் பிற்பகுதியில் உடுப்பிட்டியிலும் அத்தகையதொரு பாடசாலையைத் தொடங்கியது. அக்காலத்தில் மிஷனைச் சார்ந்த வேதாகமப் பெண்கள் வீடுவீடாகச் சென்று, முற்றத்தைத் தாண்டாத பெண்களுக்கு எழுத்தறிவித்தனர். அவர்களின் நோக்கம் மதமாற்றம் என்பது வெளிப்படை. எனினும் ஒரு பெண் தன் கையில் நூலை ஏந்தித் தானே வாசிப்பது என்பது இம்மண்ணில் போராடிப் பெறப்பட்ட உரிமை என்பதை மறந்து இன்றைய வாசிப்பை எள்ளி நகையாடுவது முறையாகாது.

மேற்கூறிய வழக்கங்கள் பெரும்பாலும் கூடி வாசிப்பவை. யாழ்ப்பாணத்துப் புராணபடன மரபு இதற்குச் சிறந்த சான்றாகும். கோயில் மண்டபத்தில் கந்தபுராணத்தை ஒருவர் இராகத்துடன் வாசிக்க, மற்றொருவர் அதற்குப் 'பயன்' சொல்லுவார். பொருள் என்றோ உரை என்றோ கூறாமல் பயன் என்று பெயரிட்டமை சிந்திக்கத்தக்கது. பாட்டு ஒருவரிடமிருந்தும் அதன் பயன் இன்னொருவரிடமிருந்தும் வந்து, கேட்டிருப்போரின் வாழ்வோடு பொருந்தியது. வீடு திரும்பும் வழியில் அன்றைய கதையைப் பேசியபடி செல்வதும் அதன் ஒரு பகுதியே. மரபாக ஆண்களே வாசிப்போராகவும் பயன் சொல்வோராகவும் விளங்க, பெண்கள் கேட்போராகவே இருந்தனர் என்பது இம்மரபின் குறை. ஆயினும் அங்கு வந்த பெண்ணொருத்தி தன் துயரத்துடன் தனித்து விடப்படவில்லை.

தன்முன்னேற்ற நூல் என்ற வகையின் பிறப்பை ஆராய்ந்தால் அங்கும் ஒரு கூட்டமே முன்னிற்கின்றது. 1859இல் சாமுவேல் ஸ்மைல்ஸ் வெளியிட்ட 'செல்ஃப் ஹெல்ப்' நூல், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் தொழிலாளரான இளைஞர்கள் தமக்குள் கூடிப் படிக்க அமைத்துக்கொண்ட சங்கமொன்றில் 1845இல் அவர் ஆற்றிய உரையிலிருந்து வளர்ந்தது. ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்ட கூட்டத்திலிருந்து பிறந்த நூல், தனக்குத் தானே உதவுதல் என்ற பெயரில் உலகைச் சுற்றிவந்தது விந்தையே.

தமிழில் இத்துறைக்கு அடித்தளமிட்டோருள் தொண்டியைச் சேர்ந்த எம்.ஆர்.எம். அப்துற்றஹீம் முதன்மையானவர். 'வாழ்க்கையில் வெற்றி', 'எண்ணமே வாழ்வு', 'கவலைப்படாதே' முதலிய அவரது நூல்களைச் சமய பேதமின்றித் தமிழ் வாசகர் பயின்றனர். இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தவரும் அவரே. பின்னர் எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' ஒரு தலைமுறையின் கைநூலாயிற்று. அவர் பெயரையே கதாநாயகனுக்குச் சூட்டி 1988இல் வெளிவந்த திரைப்படத்தின் தலைப்பு 'உன்னால் முடியும் தம்பி' என்பதாகும். தம்பியை நோக்கியே அறைகூவல் விடுக்கப்பட்டது. தங்கை அப்போது எவரது நினைவிலும் இல்லை போலும்.

தங்கையை நோக்கிய நூல்கள் பிற்காலத்தில் பெருகின. அவற்றுள் உலகளவில் பேர்பெற்றது சாரா பான் பிரெத்நாக் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1995இல் வெளியிட்ட 'சிம்பிள் அபண்டன்ஸ்' ஆகும். ஜனவரி முதலாம் திகதியிலிருந்து டிசம்பர் இறுதி வரை நாளுக்கொரு சிறு கட்டுரை கொண்ட அந்நூல், ஒவ்வோர் இரவும் நன்றி பாராட்டத்தக்க 5 விடயங்களைக் குறித்து வைக்கும்படி பெண்களிடம் கூறியது. இருப்பதில் நிறைவு காண்க என்பதே அதன் சாரம். பல இலட்சம் பிரதிகள் விற்று ஆசிரியை பெருஞ்செல்வம் ஈட்டினார்; பின்னர் அச்செல்வத்தை இழந்தார். அவ்விழப்பைப் பற்றியும் அவரே 2010இல் 'பீஸ் அண்ட் பிளென்டி' என்ற நூலை எழுதினார். இதனைக் கொண்டு அவரது அறிவுரை பொய் என்று கூறுவது நியாயமாகாது. நூலை எழுதியவருக்கே அது காப்பாக அமையவில்லை என்பதை மட்டும் கருத்திற் கொள்ளலாம்.

இவ்விடயம் ஆய்வுக்கும் உட்படுத்தப்பட்டுள்ளது. கனடாவின் வோட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வூட் என்னும் உளவியலாளரும் அவரது குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைப் பற்றிய உயர்ந்த வாசகமொன்றைத் திரும்பத் திரும்ப மனத்திற் சொல்லும்படி சிலரிடம் கூறப்பட்டது. ஏற்கெனவே தன்மதிப்பு மிக்கோர் சிறிது நலம் பெற்றனர். தன்மதிப்புக் குறைந்தோரின் மனநிலை முன்னைவிடத் தாழ்ந்தது. வாசகத்துக்கும் தம் நிலைக்கும் இடையிலுள்ள தூரத்தை அவ்வாசகமே அவர்களுக்கு நினைவூட்டியது போலும். மருந்து யாருக்குத் தேவையோ அவர்களுக்கே அது ஒவ்வாமற் போயிற்று. நன்றிக் குறிப்பு எழுதுவது பற்றிய மற்றோர் ஆய்வில், வாரத்துக்கு ஒருமுறை எழுதியோர் பயனடைய, வாரத்துக்கு 3 முறை எழுதியோரிடம் அப்பயன் காணப்படவில்லை என்று சோன்யா லியூபோமிர்ஸ்கி குழுவினர் 2005இல் தெரிவித்தனர். நாள்தோறும் செய்வதெல்லாம் நாளடைவில் சடங்காகிவிடும் என்பதை விரதகாரர் அறிவர்.

மறுபுறத்தில், வாசிப்பு உண்மையாகவே துயர் தணித்த சான்றுகளும் உள்ளன. டேவிட் பேர்ன்ஸ் என்னும் மனநல வைத்தியர் 1980இல் எழுதிய 'ஃபீலிங் குட்' நூலை மனச்சோர்வுற்ற முதியோரிடம் கொடுத்து 4 வாரங்களில் வாசிக்கச் செய்த ஆய்வினை அமெரிக்காவில் ஃபொரஸ்ட் ஸ்கோகின் குழுவினர் 1989இல் வெளியிட்டனர். வாசித்தோர் தெளிவான முன்னேற்றம் கண்டனர். அந்நூல் வாழ்த்துரைகளின் தொகுப்பன்று. தம் எண்ணங்களை எழுதிச் சோதித்துப் பார்க்கும் பயிற்சிகளைக் கொண்டது. அத்துடன் வாரந்தோறும் சில நிமிடங்கள் ஆய்வாளர் தொலைபேசியில் அவர்களுடன் பேசினர். அச்சில நிமிடங்களைச் சிறிதென எண்ணலாகாது.

நமது நிலைமைக்கு மிக அண்மித்த சான்று ஆபிரிக்காவிலிருந்து வருகின்றது. தென் சூடானின் போரிலிருந்து தப்பி உகண்டாவின் ரைனோ முகாமில் வாழ்ந்த அகதிப் பெண்கள் 694 பேரைக் கொண்டு உலக சுகாதார நிறுவனத்தின் 'செல்ஃப் ஹெல்ப் பிளஸ்' திட்டம் பரிசோதிக்கப்பட்டு, முடிவுகள் 2020இல் வெளியாயின. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். 20 முதல் 30 பெண்கள் வரை ஒன்றாக அமர்ந்து, ஒலிப்பதிவு செய்யப்பட்ட பாடத்தைக் கேட்டு, படங்கள் நிறைந்த சிறு நூலொன்றைப் பின்தொடர்வர். இவ்வாறு 5 அமர்வுகள். நடத்தியோர் வைத்தியர்களோ உளவியலாளரோ அல்லர். குறுகிய பயிற்சி பெற்ற சாதாரணர். 3 மாதங்களின் பின்னர் நோக்கியபோது, இதில் சேராத பெண்களைவிடச் சேர்ந்தோரின் உளத்துயரம் குறைந்திருந்தது. ஒருவர் ஒலிக்கச் செய்ய மற்றையோர் கூடியிருந்து கேட்கும் இம்முறை நம்மவருக்குப் புதிதாகத் தோன்றாது.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்திலேயே இவ்வழி அறியப்பட்டிருந்தது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்ற நூலைத் தமிழில் எழுதி 1993இல் வெளியிட்டபோது, மக்களோடு மக்களாகப் பணிபுரியும் தொண்டர்களை மனத்திற் கொண்டே அதனை எழுதினார். மனத்தை அமைதிப்படுத்த அவரவர் சமயத்துக்குரிய புனிதச் சொல்லை உச்சரிக்கும் முறையை அவர் சிகிச்சையில் இணைத்தமையும் குறிப்பிடத்தக்கது. இந்து ஓமென்றும் முஸ்லிம் திக்ரு செய்தும் கிறிஸ்தவர் செபித்தும் ஆறுதல் பெறலாம் என்பதில் அவருக்குத் தயக்கமிருக்கவில்லை. அதே வேளை, துயரத்தைத் தனிமனிதருக்குரிய நோயாக மட்டும் அவர் நோக்கவில்லை; குடும்பமும் சமூகமும் காயமுற்றதை அவரது எழுத்துகள் தொடர்ந்து வலியுறுத்தின.

தன்னம்பிக்கைப் பக்கங்கள் பொதுவாகத் தவறவிடுவது இதனையே. எண்ணத்தை மாற்று, வாழ்வு மாறும் என்று அவை கூறுகின்றன. நுண்நிதிக் கடனில் சிக்கிய பெண்ணின் வீட்டு வாசலில் வாரந்தோறும் வசூலிப்பவர் வந்து நிற்கும்போது அவளது எண்ணத்தில் என்ன பிழை காண்பது? 2018இல் வறட்சியால் பாதிப்புற்ற 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, 1 இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்நிதிக் கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது. கடன்பட்ட பெண்கள் தம்மைத் தாமே நொந்துகொண்டு வீட்டினுள் அடங்கியிருந்திருந்தால் அப்பிரச்சினை வெளியுலகுக்குத் தெரிந்திராது. காணாமலாக்கப்பட்ட மகனின் படத்துடன் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரத்தில் அமர்ந்த தாயிடம், கடந்ததை மறந்து இன்றில் வாழ் என்று எந்தப் பக்கம் சொல்லத் துணியும்? அவளது காத்திருப்பு மனத்தின் பலவீனமன்று. விடை கூற வேண்டியவர் வேறிடத்தில் இருக்கின்றனர்.

உன் நிறைவு உன் கையில் என்ற வாக்கியம், நிறைவு கிட்டாதபோது குற்றமும் உன்னுடையதே என்று முடிகின்றது. நாள்தோறும் அதை வாசிக்கும் பெண், நாள்தோறும் தன்னைச் சிறிது குறைவாக மதிக்கக் கற்றுக்கொள்வாளாயின் அவ்வாசிப்பு அவளுக்குக் கேடு. பொறுமை பற்றி இஸ்லாம் கூறுவதையும் வினைப்பயன் பற்றிச் சைவம் கூறுவதையும் இவ்வாறே பெண்ணின் வாயடைக்கப் பயன்படுத்துவோர் இரு சமூகங்களிலும் உளர். அது சமயத்தின் குற்றமன்று, பயன் சொல்வோரின் குற்றம்.

இத்தனைக்கும் பின்னர், காலையில் அரைமணி நேரம் நூலுடன் அமரும் பெண்ணுக்கு அந்த அரைமணி நேரம் எத்தகையது என்பதையும் கூற வேண்டும். கிணற்றடி, அடுப்படி, பிள்ளைகளின் பாடசாலை, ஆடு மாடு, தையல் இயந்திரம் என ஓடும் நாளில் எவரும் எதுவும் கேட்காத நேரம் அதுவொன்றே. நூலில் எழுதியிருப்பது சாதாரணமாக இருக்கலாம். அந்நேரம் தன்னுடையது என்ற உணர்வு சாதாரணமானதன்று. வாசிப்பினால் விளைந்ததாகப் பலர் கூறும் அமைதியில் ஒரு பங்கு இவ்வோய்வினால் விளைந்தது என்பதே எமது எண்ணம். குடும்பத்தார் அந்த அரைமணி நேரத்தை அவளுக்கு மறுக்காமலிருப்பது, இன்னொரு தன்னம்பிக்கை நூலை வாங்கிக் கொடுப்பதைவிடப் பெரிய உதவி.

வடமராட்சியின் ஊர்கள்தோறும் சனசமூக நிலையங்கள் உள்ளன. நாளிதழ்கள் விரிக்கப்பட்ட மேசையும் வாங்குகளும் அங்குண்டு. மாலையில் சென்று பார்ப்பவர் அங்கு ஆண்களையே பெரும்பாலும் காண்பர். பத்திரிகையின் மகளிர் பக்கத்தையும் அவர்களே புரட்டிக்கொண்டிருப்பர். வாரத்தில் ஒரு பிற்பகலை அந்நிலையம் பெண்களுக்கென ஒதுக்கினால் போதும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினர் அங்கு கூடி, ஒருவர் வாசிக்க மற்றவர் பயன் சொல்லலாம். 'மனவடு' போன்ற நூலாயினும் சரி, கடன் உடன்படிக்கையின் சிறிய எழுத்துகளாயினும் சரி, அரசாங்கச் சுற்றறிக்கையாயினும் சரி, தனியே வாசித்தபோது விளங்காதது அங்கு விளங்கும். பள்ளிவாசலை அண்டிய பெண்கள் மத்ரஸாக்களிலும் இது இயலும். இதற்குப் புதிய கட்டடமோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. நிலையத்தின் திறப்பை அந்த ஒரு பிற்பகல் யாரிடம் கொடுப்பது என்பதை நிர்வாகசபை தீர்மானித்தால் மதி.