பழைய ஏர் ரைபிளை விற்கலாமா? பிரிட்டன் சட்டம் விற்பவரிடம் கேட்பது என்ன?

பிரிட்டனில் ஏர் ரைபிள் சாதாரணமாகப் புழங்கும் பொருள். தோட்டத்தில் இலக்கு வைத்துச் சுடப் பழகுவோர், மன்றங்களில் போட்டியிடுவோர், பண்ணையில் எலிக்கும் முயலுக்கும் பயன்படுத்துவோர் எனப் பலரிடமும் அது இருக்கிறது. பொழுதுபோக்கு மாறும்போதோ, வீட்டுப் பெரியவர் காலமாகி அவர் சாமான்களை ஒழுங்குபடுத்தும்போதோ ‘இதை விற்றுவிடலாமா?’ என்ற கேள்வி எழுகிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கான நேரடிப் பதில்: விற்கலாம். குறிப்பிட்ட ஆற்றல் வரம்புக்குள் இருக்கும் ஏர் ரைபிளைத் தனிநபர் ஒருவர் இன்னொரு தனிநபருக்கு விற்க உரிமம் தேவையில்லை. காவல் துறைக்குத் தகவல் தரவேண்டியதில்லை. எந்தப் பதிவேட்டிலும் கையெழுத்து இல்லை.

இதைக் கேட்டதும் ‘அப்படியானால் கட்டுப்பாடே கிடையாது’ என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது ஆபத்தான முடிவு. அரசு அலுவலகம் எதுவும் இடையில் இல்லாததால், அந்த அலுவலகம் செய்யவேண்டிய சோதனை முழுவதும் விற்பவர் தலையில் விழுகிறது. வாங்குபவரின் வயது என்ன, துப்பாக்கியின் வலு எவ்வளவு, வாங்குபவர் எந்தப் பகுதியில் வசிக்கிறார் ஆகிய மூன்றையும் அவரே பார்த்தாக வேண்டும். பார்க்கத் தவறினால் நீதிமன்றத்தில் நிற்கப்போவதும் அவர்தான்.

12 என்ற கோடு

பிரிட்டனில் துப்பாக்கிகளுக்கான அடிப்படைச் சட்டம் 1968-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அதன்கீழ் 1969-இல் வந்த விதிகள், ஏர் ரைபிளின் குழல்முனை ஆற்றலுக்கு 12 அடி-பவுண்டு என்று வரம்பு வைத்தன. ஜூல் கணக்கில் இது சுமார் 16.27. ஏர் பிஸ்டலுக்கு வரம்பு இதில் பாதி, 6 அடி-பவுண்டு.

இந்தக் கோட்டைத் தாண்டிய ஏர் ரைபிள், சட்டத்தின் பார்வையில் வேறு ஆயுதம். அதை வைத்திருக்கக் காவல் துறை வழங்கும் ஆயுதச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாமல் வைத்திருந்தால் 5 ஆண்டு வரை சிறை. சான்றிதழ் இல்லாதவருக்கு விற்பது தனிக் குற்றம். 6 அடி-பவுண்டைத் தாண்டிய பிஸ்டலோ தடைசெய்யப்பட்ட ஆயுதங்களின் பட்டியலுக்கே போய்விடுகிறது.

கோடு எவ்வளவு மெல்லியது என்பதை ஒரு கணக்குக் காட்டும். ஏர் ரைபிள் சுடும் சிறு குண்டான பெல்லட்டின் வேகத்தை, வினாடிக்கு இத்தனை அடி என்று எடுத்து, அதே எண்ணால் பெருக்குங்கள். வந்ததைப் பெல்லட்டின் எடையால், கிரெய்ன் அளவில், பெருக்கி 450240-ஆல் வகுத்தால் கிடைப்பது அடி-பவுண்டு. 4.5 மி.மீ. ரகத்தில் பரவலாகப் புழங்கும் 8.44 கிரெய்ன் பெல்லட் வினாடிக்கு 780 அடி வேகத்தில் போனால் 11.4. அதே பெல்லட் 800 அடியைத் தொட்டால் 12-ஐ உரசிக்கொண்டு நிற்கும். 810 அடியானால் 12.3. வினாடிக்கு வெறும் 10 அடி கூடியதில், சட்டபூர்வமான பொருள் சட்டவிரோத ஆயுதமாகிவிடுகிறது. கண்ணால் பார்த்தோ சத்தத்தைக் கேட்டோ இந்த வித்தியாசத்தை யாராலும் சொல்ல முடியாது.

பழைய துப்பாக்கிகளில் இந்தச் சிக்கல் அதிகம். முந்தைய உரிமையாளர் கூடுதல் வலுவுள்ள ஸ்பிரிங்கை மாட்டியிருக்கலாம். காற்றை முன்கூட்டியே அடைத்துச் சுடும் ரகமென்றால் உள்ளே திருகை முடுக்கி வேகத்தைக் கூட்டியிருக்கலாம். ஸ்பிரிங் ரகத்தில் எண்ணெயை அளவுக்கு மீறி விட்டிருந்தால், அழுத்தத்தில் அது எரிந்து பெல்லட்டை இன்னும் வேகமாகத் தள்ளும். ‘நான் எதையும் தொடவில்லை, வாங்கியபடியே வைத்திருந்தேன்’ என்ற விளக்கம் நீதிமன்றத்தில் எடுபடாது. வரம்பு மீறிய ஆயுதம் கையில் இருந்ததே குற்றம்.

ஆகவே விளம்பரம் கொடுப்பதற்கு முன் வேகத்தை அளந்துவிட வேண்டும். இதற்கான குரோனோகிராஃப் கருவி, பதிவுபெற்ற ஆயுதக் கடைகளிலும் சுடும் மன்றங்களிலும் இருக்கும். ஒரே வகைப் பெல்லட்டோடு நிறுத்தாமல் இலேசானது, கனமானது இரண்டையும் சுட்டுப் பார்ப்பது அவசியம். பொதுவாக ஸ்பிரிங் ரகம் இலேசான பெல்லட்டிலும், காற்றடைத்த ரகம் கனமான பெல்லட்டிலும் அதிக ஆற்றலைக் காட்டும். எந்தப் பெல்லட்டில் வரம்பு மீறினாலும் மீறல் மீறல்தான்.

18 வயது, பரிசுக்கும் சேர்த்து

2007 அக்டோபர் 1 முதல், 18 வயது நிறையாதவருக்கு ஏர் ரைபிளையோ அதற்கான பெல்லட்டையோ விற்பது குற்றம். அதற்கு முன் இந்த வயது 17 ஆக இருந்தது. தண்டனை 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இது கடைக்காரருக்கு மட்டும் உரிய விதி அல்ல. வீட்டு வாசலில் நின்று விற்பவருக்கும் இதே விதிதான்.

விற்பனைக்கு மட்டும் அல்ல, பரிசுக்கும் இந்தத் தடை உண்டு. மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக ஏர் ரைபிள் வாங்கி அவன் பெயருக்கே கொடுப்பதைச் சட்டம் ஏற்காது. பெற்றோர் வாங்கித் தம் உடைமையாக வைத்துக்கொண்டு, பிள்ளைக்குப் பயன்படுத்தக் கொடுக்கலாம். பிள்ளை 14 வயதுக்குக் கீழ் என்றால், 21 வயது நிறைந்த ஒருவர் கூடவே இருந்து கண்காணிக்க வேண்டும்.

வாங்குபவர் பொய் சொல்லி ஏமாற்றினால் விற்றவருக்குப் பாதுகாப்பு இல்லையா? உண்டு. வந்தவர் 18 வயது நிறைந்தவர் என்று தாம் நம்பியதற்கு நியாயமான காரணம் இருந்ததென விற்றவர் காட்டினால் போதும். ‘பார்க்கப் பெரிய ஆளாகத் தெரிந்தார்’ என்பதைவிட, பாஸ்போர்ட்டையோ ஓட்டுநர் உரிமத்தையோ கேட்டு வாங்கிப் பார்த்தேன் என்பது வலுவான காரணம். கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. கேட்டதும் கோபித்துக்கொண்டு போகிறவருக்கு விற்காமல் இருப்பதே நல்லது.

யாருக்கு விற்கக் கூடாது

3 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர் ஆயுள் முழுவதும் எந்தத் துப்பாக்கியையும் வைத்திருக்கக் கூடாது. ஏர் ரைபிளும் பெல்லட்டும் இதில் அடக்கம். 3 மாதத்துக்குக் குறையாமல் 3 ஆண்டுக்குள் தண்டனை பெற்றவருக்கு, விடுதலையான நாளிலிருந்து 5 ஆண்டு தடை. 3 மாதமோ அதற்கு மேலோ விதித்து நிறுத்திவைக்கப்பட்ட தண்டனைக்கும் 2014-இல் வந்த திருத்தம் 5 ஆண்டுத் தடையைக் கொண்டுவந்தது. இப்படிப்பட்டவர் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ விற்றால் விற்றவரும் குற்றவாளி. குடிபோதையில் இருப்பவரிடமும், மனநிலை சரியில்லாதவரிடமும் துப்பாக்கியைக் கொடுப்பதையும் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

முன்பின் தெரியாத ஒருவரின் குற்றப் பின்னணியைத் தனிநபரால் துருவ முடியாது. ‘உங்களுக்குச் சட்டத் தடை ஏதும் உண்டா?’ என்று கேட்டு, ‘இல்லை’ என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள முடியும். பதிலில் தடுமாற்றம் தெரிந்தால் விற்பனையை நிறுத்தவும் முடியும்.

தனிநபரா, வியாபாரியா?

2006-ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றத் தடுப்புச் சட்டம் இங்கே ஒரு பெரிய பிரிவினையைக் கொண்டுவந்தது. ஏர் ரைபிளை வியாபாரமாக விற்பவர் காவல் துறையிடம் பதிவுபெற்ற ஆயுத வியாபாரியாக இருக்க வேண்டும். அவருடைய விற்பனையில் பொருள் நேருக்கு நேர் கைமாற வேண்டும். தொலைவில் இருப்பவர் பணம் கட்டினால், பொருள் அவர் ஊருக்கு அருகில் உள்ள இன்னொரு பதிவுபெற்ற வியாபாரிக்குப் போகும். வாங்குபவர் அங்கே நேரில் சென்று பெற்றுக்கொள்வார்.

தம் சொந்த ஏர் ரைபிளை எப்போதோ ஒருமுறை விற்பவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. மலிவாக வாங்கிச் சரிபார்த்து லாபத்துக்கு விற்பதைத் தொடர்ந்து செய்பவர் ‘நான் தனிநபர்’ என்று சொல்லித் தப்ப முடியாது. அது வியாபாரம். பதிவு இல்லாமல் செய்தால் குற்றம்.

சட்டம் வற்புறுத்தாவிட்டாலும் தனிநபரும் நேரில் கொடுப்பதே சரி. பார்சலில் அனுப்பினால் மறுமுனையில் கதவைத் திறந்து வாங்குவது யார், அவருக்கு வயது என்ன என்பது தெரியாது. வாங்குபவர் தொலைவில் இருந்தால், கட்டணம் பெற்றுக்கொண்டு இடையில் நின்று கைமாற்றித் தரும் பதிவுபெற்ற வியாபாரிகள் இருக்கிறார்கள். அந்தச் செலவு வீண் அல்ல.

ஒரே நாடு, மூன்று சட்டம்

இதுவரை சொன்ன ‘உரிமம் வேண்டாம்’ என்பது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே பொருந்தும். ஸ்காட்லாந்தில் நிலைமை வேறு. 2005 மார்ச்சில் கிளாஸ்கோவின் ஈஸ்டர்ஹவுஸ் பகுதியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று ஏர் ரைபிள் பெல்லட் பாய்ந்து உயிரிழந்தது. குழந்தையின் குடும்பத்தார் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2012-இல் ஏர் ரைபிள்கள் குறித்துச் சட்டம் இயற்றும் அதிகாரம் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2015-இல் சட்டம் நிறைவேறியது. 2016 டிசம்பர் 31 முதல் ஸ்காட்லாந்தில் ஏர் ரைபிள் வைத்திருக்கச் சான்றிதழ் கட்டாயம். இல்லாமல் வைத்திருந்தால் 2 ஆண்டு வரை சிறை. அங்கே விற்பவர், வாங்குபவரின் சான்றிதழைக் கண்ணால் பார்த்த பிறகே பொருளைக் கொடுக்க வேண்டும்.

வட அயர்லாந்து இன்னும் கடுமை. 1 ஜூலுக்கு மேல் ஆற்றல் உள்ள எந்த ஏர் ரைபிளுக்கும் அங்கே 2004-ஆம் ஆண்டின் சட்டத்தின்படி ஆயுதச் சான்றிதழ் வேண்டும். இங்கிலாந்தின் நியூகாசிலில் சாதாரணமாக நடக்கும் விற்பனை எடின்பரோவிலும் பெல்பாஸ்டிலும் குற்றமாகிவிடும். வாங்குபவரின் முகவரியைக் கேட்பது இதற்காகத்தான்.

விற்கவே கூடாத ரகம்

பழைய சாமான்களில் துப்பாக்கி கண்டெடுப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது, அது எந்த முறையில் இயங்குகிறது என்பதை. ஒவ்வொரு தோட்டாவுக்குள்ளும் அழுத்தக் காற்றை அடைத்துவைத்துச் சுடும் ரகம் ஒன்று முன்பு பிரிட்டனில் தாராளமாக விற்றது. புரோகாக் நிறுவனத்தின் பெயரால் பலர் அதை அறிவார்கள். உண்மையான தோட்டா சுடும் வகையில் அதைக் குற்றவாளிகள் மாற்றியமைத்ததால் அந்த முறையையே சட்டம் தடைசெய்தது. 2004 ஜனவரி 20 முதல் விற்கவும் வாங்கவும் தடை. அதே ஆண்டு ஏப்ரல் 30 முதல் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதும் குற்றம். விதிவிலக்கான சூழல் இல்லையென்றால் வயதுவந்தவருக்குக் குறைந்தது 5 ஆண்டு சிறை என்கிற அளவுக்கு இது கடுமையான பிரிவு. அப்படி ஒன்று கிடைத்தால் விளம்பரம் கொடுக்காதீர்கள், கையில் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்துக்கும் நடக்காதீர்கள். முதலில் காவல் துறையைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

கைமாறும் நாளில்

துப்பாக்கியில் பெல்லட் இல்லை என்பதை வாங்குபவர் முன்னாலேயே உறுதிசெய்ய வேண்டும். குழலை மடக்கித் திறக்கும் ரகமென்றால் திறந்து காட்டலாம். ஸ்பிரிங்கை இழுத்த நிலையில் விட்டு வைக்கக் கூடாது. காற்றடைத்த ரகமென்றால் சிலிண்டரில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது, எந்த அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அளந்த வேகத்தையும் எந்தப் பெல்லட்டில் அளந்தது என்பதையும் தாளில் குறித்துத் தருவது நல்லது.

இருவரும் கையெழுத்திட்ட ரசீது ஒன்று இருக்கட்டும். தேதி, இருவர் பெயர், முகவரி, துப்பாக்கியின் தயாரிப்பு, வரிசை எண், பார்த்த அடையாள ஆவணம் ஆகியவை அதில் இருந்தால் போதும். நாளை அந்த ஏர் ரைபிள் குற்றம் ஒன்றில் சிக்கினால், எப்போது யார் கைக்குப் போனது என்று காட்ட விற்றவரிடம் இருக்கப்போவது அந்தத் தாள் மட்டுமே.

வாங்கியவர் அதை உறையிலிட்டு மூடியே எடுத்துச் செல்ல வேண்டும். பெல்லட் இல்லாவிட்டாலும், தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஏர் ரைபிளுடன் இருப்பது குற்றம். பூங்காவிலோ கார் நிறுத்துமிடத்திலோ திறந்து காட்டிப் பேரம் பேசுவது வேண்டாத வேலை.

விற்கும்வரை வீட்டில் வைத்திருக்கும் நாட்களுக்கும் விதி உண்டு. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் அனுமதியின்றி எடுத்துவிடாதபடி நியாயமான முன்னெச்சரிக்கை செய்யவேண்டும் என்பது 2011 பிப்ரவரி 10 முதல் உரிமையாளரின் சட்டக் கடமை. மீறினால் 1,000 பவுண்டு வரை அபராதம். சின்னத் தொகையாகத் தோன்றலாம், ஆனால் இதில் உயிரே பணயம். 2016-இல் சஃபோக் பகுதியில் 13 வயதுச் சிறுவன் நண்பன் கையிலிருந்த ஏர் ரைபிளால் தற்செயலாகச் சுடப்பட்டு இறந்தான். மரண விசாரணை அதிகாரி அரசுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டே ஏர் ரைபிள் விதிகளை மறுஆய்வு செய்வதாக அரசு அறிவித்தது.

தன் கையை விட்டுப் போகும் ஏர் ரைபிள் யார் கைக்குப் போகிறது என்பதைத் தீர்மானிக்கும் கடைசி ஆள் விற்பவர்தான். வயதைப் பாருங்கள், வேகத்தை அளந்து பாருங்கள், முகவரியைக் கேளுங்கள், தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த நான்கில் ஒன்றையாவது செய்ய முடியவில்லை என்றால் விற்காதீர்கள், பதிவுபெற்ற வியாபாரியிடம் ஒப்படைத்துவிடுங்கள். விலை கொஞ்சம் குறையும். ஒரு குழந்தையின் உயிரைவிட அந்தக் குறைவு பெரிதல்ல.