சாடியில் வளரும் ஒலிவம்

முல்லைக்குத் தேரீந்த பாரியின் செயலை வகுப்பறையிற் கூறுந்தோறும், "ஒரு பந்தற்கால் போதாதோ, ஐயா?" என வினவும் மாணவர் ஒருவரேனும் இருப்பர். கொடுத்த பொருளினும், அக்கொடியின் குறை இன்னதென அவன் கண்டமையே பெரிது என விடையிறுப்பது எனது வழக்கம். அவ்விடையின் முழுப்பொருளை யான் உணர்ந்தது மூன்று ஆண்டுகளுக்கு முன், மார்கழி விடுமுறையில், இலண்டன் மாநகரிலே ஒரு மட்சாடியின் முன்னராகும்.

அங்கே என் தமக்கையார் இல்லத்தில் இடுப்பளவு உயர்ந்த ஒலிவ மரம் ஒன்று சாடியில் நின்றது. காலஞ்சென்ற அத்தான் தம் இறுதியாண்டில் விரும்பி வாங்கி வைத்தது. பனிக்காலம் வந்ததும் அக்கா அதனை உள்ளே கொணர்ந்து, கணப்பின் அருகே இருத்தி, ஊரில் முல்லைக்கு வார்த்தது போலக் காலைதோறும் நீர் வார்த்து வந்தார். யான் சென்றபோது இலைகளுட் பாதி உதிர்ந்து, வெள்ளிய அடிப்புறம் தோன்றத் தரையிற் கிடந்தன. "தம்பி, அவர் வைத்த மரத்தைக்கூடக் காக்கத் தெரியாதவளானேனே" என்று அவர் கூறியபோது, யாது சொல்வதென அறியாது நின்றேன்.

அயலில் வதியும் சைப்பிரசு நாட்டு முதியவர் ஒருவர் வந்து, பட்டையை நகத்தாற் சிறிது சுரண்டினார். உள்ளே பசுமை தெரிந்தது. பின் சாடியின் கீழிருந்த தட்டைக் காட்டினார். அதில் நீர் தேங்கி நின்றது. "மரம் இறந்துவிடவில்லை, அம்மா; மூழ்கிக்கொண்டிருக்கிறது" என்றார்.

ஒலிவம் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளுக்கு உரியது. வேதாகமத் தமிழ் இதனை ஒலிவம் எனவும், இசுலாமியத் தமிழர் சைத்தூன் எனவும் வழங்குவர். ஆங்கிலேயர் "சிலோன் ஒலிவ்" எனப் பெயரிட்ட நம் நாட்டு வெரளிக்காய்க்கும் இதற்கும் உருவொப்பு உண்டேயன்றிக் குலவொப்பு இல்லை. தாவரநூலார் வகுத்த முறைப்படி இதன் சுற்றத்தார் மல்லிகையும் முல்லையுமே. ஆயின், சுற்றத்தாராயினும் இயல்பு வேறு. கோடையில் வறட்சியும் மாரியில் மழையும் பெற்று, கல்லும் சுண்ணமும் கலந்த நிலத்தில் வாழ்வது ஒலிவம். நீர் தேங்கின் வேர் அழுகும்.

அம்முதியவர் சொல்லியனவும் பின்னர் யான் நூல்களிற் கற்றனவும் இவை. சாடியின் அடியில் துளைகள் வேண்டும். மண்ணில் ஐந்திலொரு பங்கு பருமணலோ சரளையோ கலத்தல் நன்று. இளவேனில் முதல் இலையுதிர்காலம் வரை மேன்மண் உலர்ந்தபின் நிறைய நீர் வார்த்து, திங்களுக்கு ஒருமுறை நீர்ப்பசளை இடல் வேண்டும். பனிக்காலத்தில் மண் முற்றும் வறளாத அளவுக்கு அரிதாக வார்த்தாற் போதும். இங்கிலாந்தில் ஞாயிறு தென்புறமே சாய்ந்து செல்வதால், தெற்கு நோக்கிய சுவரோரமே இதற்கு ஏற்ற இடம்.

குளிரைப் பற்றியே மயக்கம் மிகுதி. முதிர்ந்த மரம் உறைநிலைக்குக் கீழே சில பாகைகளைத் தாங்கும். வெப்பநிலை -10 பாகை செல்சியசை அணுகின் ஊறுண்டாம். நிலத்தில் நிற்கும் மரத்தின் வேரை நிலத்தின் ஆழம் காக்கும். சாடியிலோ நாற்புறமும் குளிர் நுழையும். ஆதலாற் கடும்பனி நாள்களிற் சாடியைச் சாக்கினாற் போர்த்தல் வேண்டும். அல்லது கணப்பில்லாத, ஒளியுள்ள கண்ணாடித் தாழ்வாரத்திற் சேர்த்தல் வேண்டும். எனினும் குளிரை முற்றும் விலக்கலாகாது. ஏறத்தாழ இரு திங்கள் 10 பாகைக்குக் குறைந்த குளிரை நுகர்ந்தாலன்றி ஒலிவம் அரும்பு கொள்ளாது. அக்கா அஞ்சி விலக்கிய குளிரே பூவுக்குத் தாய் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

இம்மரத்தின் உயிர்வலிமையும் பெரிது. 1709ஆம் ஆண்டின் கொடும்பனியிலும், 1956 பெப்ரவரியின் உறைபனியிலும் தென்பிரான்சின் ஒலிவத் தோப்புகள் பெரிதும் அழிந்தன. 1956இல் உழவர் பட்ட மரங்களை அடியோடு வெட்டினர். ஆயினும் பல அடிக்கட்டைகளினின்று மீண்டும் தளிர்கள் எழுந்தன.

தட்டை அகற்றி, சாடியைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு யான் ஊர் திரும்பினேன். நீர் வாராதிருத்தலே அக்காவுக்கு அரிதாயிற்றாம். காலையில் எழுந்ததும் கை தானே செம்பைத் தேடும் என்றார். சித்திரையில் வெற்றுக் கொம்பில் இரண்டு தளிர் கண்டதாகச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. இவ்வாண்டு ஆனித் திங்களிற் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினார்: இலைக்கக்கத்தில் வெண்ணிறச் சிறு பூங்கொத்து. காய்க்குமோ, அந்நாட்டு வெயிலிற் கனியுமோ என்பது பற்றி அவருக்குக் கவலையில்லை.

நீர் மிகுதியால் வாடும் மாணவரையும் யான் கண்டதுண்டு. அவர்க்கும் அன்புடையாரே நீர் வார்த்தனர். பாரி முல்லைக்குத் தேரை ஈந்தான். அக்கா ஒலிவத்துக்குக் குளிரை ஈந்தார்.