ஐம்பது லட்சம் முறை குனியும் இயந்திரம்

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு தங்கம் வென்றபோது கிழக்கு ஜெர்மனியின் காரின் ஜான்ஸுக்கு வயது இருபது. பிறகு மருத்துவம் படித்து எலும்பு மருத்துவரானார். கிழக்கு பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில் கர்ட் ஷெல்நாக்குடன் சேர்ந்து அவர் வடிவமைத்த, முள்ளெலும்புகளுக்கு நடுவே வைக்கும் செயற்கை டிஸ்க், 1984இல் முதல்முறையாக ஒரு நோயாளியின் முதுகில் பொருத்தப்பட்டது. முதுகுத்தண்டைப் பெரும்பாலோரைவிட அதிகமாக வளைத்துப் பார்த்த ஒருவர், வளையும் டிஸ்க்கைச் செய்யக் கிளம்பியதில் எனக்கு வியப்பில்லை.

இரண்டு உலோகத் தகடுகள், நடுவே வழுக்கும் பாலிஎத்திலீன் வில்லை ஒன்று. அமைப்பு அவ்வளவுதான். ஆனால் முதல் வடிவத்தின் தகடுகள் சிறியவை, எலும்புக்குள் அமிழ்ந்தன. இரண்டாவது வடிவத்தில் பாரம் பரவட்டும் என்று தகடுகளுக்கு இருபுறமும் சிறகு வைத்தார்கள். சில நோயாளிகளின் உடலுக்குள் அந்தச் சிறகுகள் முறிந்தன. 1987இல் கோபால்ட்-குரோமிய வார்ப்பில் வந்த மூன்றாவது வடிவம்தான் நிலைத்தது. 2004இல் அமெரிக்க அனுமதி பெற்றதும் அதுவே.

சிறகுகள் ஒரே அடியில் முறியவில்லை. ஒவ்வொரு அசைவையும் தாங்கிக்கொண்டே வந்து ஒருநாள் விட்டுவிட்டன. இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். கட்டிடவேலைக்காரர் கட்டுக்கம்பியை வெட்டக் குறடு தேடுவதில்லை. முன்னும் பின்னுமாக வளைத்தே ஒடித்துவிடுவார். ஒருமுறை வளைத்தால் ஒன்றும் ஆகாத கம்பி பத்தாவது முறை ஒடிகிறது. கைக்குத் தெரியாத அளவு சிறிய வளைவாக இருந்தாலும் கதை அதேதான். முறை மட்டும் பத்துக்குப் பதில் பத்து லட்சமாகலாம். 19ஆம் நூற்றாண்டில் பெர்லினுக்கும் பிரெஸ்லாவுக்கும் இடையே ஓடிய ரயில்களின் அச்சுகள் இப்படித்தான் முறிந்தன. ஆகஸ்ட் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி, எந்தப் பாரத்தில் எத்தனை சுற்று தாங்கும் என்று பதிவு செய்தார். இன்று முள்ளெலும்புகளைப் பிணைக்க முதுகுக்குள் போகும் ஒவ்வொரு ராடும், அதாவது உலோகக் கம்பியும், வோலர் கேட்ட அதே கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் வெளியே வருகிறது.

'முதுகில் கம்பி வைத்து ஆபரேஷன்' என்று நம் வீடுகளில் சொல்வோமே, அந்தக் கம்பியை எப்படிச் சோதிக்கிறார்கள்? ஏஎஸ்டிஎம் எஃப்1717 என்ற அமெரிக்கத் தரநிலைப்படி நடக்கும் சோதனையை முதலில் பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். அங்கே எலும்பே கிடையாது. மேலே ஒரு வெள்ளைப் பாலிஎத்திலீன் கட்டை, கீழே ஒன்று, நடுவே வெற்றிடம். கட்டைகளில் ஸ்குரூக்களை இறக்கி, இரண்டு ராடுகளால் இணைத்து, இயந்திரத்தில் மாட்டி அமுக்குகிறார்கள். நடுவிலுள்ள வெற்றிடம், ஒரு முள்ளெலும்பை முழுசாக அகற்றிவிட்ட நிலையைக் குறிக்கிறது. நிஜ முதுகில் பாரத்தின் பெரும்பங்கை முன்புறமுள்ள எலும்பும் டிஸ்க்கும் வாங்கிக்கொள்ளும். இங்கே அந்தத் துணை இல்லை. மொத்த வளைவும் ராடுகளின் தலையில்.

மனித எலும்பையே வைத்துச் சோதித்தால் என்ன? எழுபது வயது மூதாட்டியின் நொய்ந்த எலும்பும் முப்பது வயது இளைஞனின் எலும்பும் ஒன்றல்ல. ஸ்குரூ ஆடினால் குறை ஸ்குரூவிலா எலும்பிலா என்று சொல்ல முடியாது. மேலும் இறந்தவர் உடலிலிருந்து எடுத்த முதுகுத்தண்டு, நாள்கணக்கில் இயந்திரத்தில் வேலை செய்யாது, அதற்குள் அழுகிவிடும். பிளாஸ்டிக் கட்டை அழுகாது, எந்த ஊரிலும் ஒரேபோல் இருக்கும். உண்மைக்கு ஒத்திருப்பதைவிட ஒப்பிட வசதியாக இருப்பதே இங்கே முக்கியம். சடலத்தின் முதுகுத்தண்டுக்கு வேறொரு வேலை உண்டு: கம்பி வைத்தபின் அசைவு எத்தனை டிகிரி குறைகிறது என்று அளப்பது. அதைச் சில மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

கம்பியையோ 50 லட்சம் முறை அமுக்க வேண்டும். ஒருவர் நாளுக்கு 7,000 அடி எடுத்துவைத்தால் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ அத்தனை அடி ஆகும் என்பது கணக்கு. விநாடிக்கு ஐந்து முறை வீதம் அமுக்கினால் இயந்திரம் பதினோரு நாள் சொச்சத்தில் முடித்துவிடும். ஏன் இரண்டு ஆண்டு? கம்பி வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டியதில்லை. அது பிணைத்த முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டும்வரை தாங்கினால் போதும். எலும்பு தன்னில் விழும் நுண்விரிசல்களைத் தானே சரிசெய்துகொள்ளும். கம்பியின் டைட்டானியத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆகவே எலும்பு ஒட்டாமலே போனால், சோதனையில் தேறிய கம்பியும் ஒருநாள் முறியலாம்.

'தேறிய' என்று சொன்னேன். உண்மையில் அந்தத் தரநிலையில் தேர்ச்சி மதிப்பெண் என்று எதுவும் இல்லை. பல மாதிரிகளை வெவ்வேறு பாரத்தில் ஓடவிட்டு, எந்தப் பாரத்தில் 50 லட்சமும் முறியாமல் தாங்குகிறது என்று கண்டு, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள கம்பியோடு ஒப்பிடுகிறார்கள். பழையதற்குக் குறையாமல் இருந்தால் சரி. நேர்மையான வழிதான், ஆனாலும் பழையதே சுமாராக இருந்தால் என்ன செய்வது என்ற உறுத்தல் எனக்குத் தீரவில்லை.

இன்னொரு சங்கதி. ஆய்வகத்தில் வழக்கமாக நேரான ராடு. ஆபரேஷன் தியேட்டரிலோ மருத்துவர் அதை நோயாளியின் முதுகுக்கேற்பக் கருவியால் வளைக்கிறார். கருவி அழுத்திய இடத்தில் சிறு தழும்பு விழும். டைட்டானியக் கலவை தழும்பைப் பொறுக்காத உலோகம். சோர்வு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். ராடின் தடிமனைக் கூட்டலாம்: விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், 5.5 மில்லிமீட்டரை 6 ஆக்கினாலே சுமார் 40 சதவீதம் கூடும். ஆனால் கம்பி மிக விறைப்பானால் எலும்புக்குப் பாரமே போகாது. பாரம் படாத எலும்பு மெலியும்.

சரி, முதுகின் மேல் உண்மையில் எவ்வளவு பாரம் விழுகிறது? 1999இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் ஹான்ஸ்-யோவாக்கிம் வில்கே குழுவினர் வெளியிட்ட ஆய்வில், தன்னார்வலர் ஒருவரின் இடுப்புப் பகுதி டிஸ்க்குக்குள் அழுத்த உணரியைச் செருகி அன்றாட வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். படுத்திருக்கையில் 0.1 மெகாபாஸ்கல். நிற்கையில் 0.5. முதுகை வளைத்துக் குனிந்து 20 கிலோவைத் தூக்கும்போது 2.3. அதே எடையை முழங்காலை மடித்துத் தூக்கினால் 1.7. உறங்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்புவதால், அழுத்தம் இரவெல்லாம் மெல்ல ஏறி 0.24ஐத் தொட்டது. சோதனை இயந்திரங்களுக்கு எவ்வளவு பாரம் கொடுப்பது என்பதை முடிவு செய்ய இப்படிப்பட்ட அளவுகள்தான் உதவுகின்றன.

செயற்கை டிஸ்க்குக்கு இரண்டாண்டுக் கணக்கு செல்லாது. அங்கே எலும்பு ஒட்டவே கூடாது. கடைசிவரை அசைந்துகொண்டே இருக்க வேண்டும். ஒருவர் ஆண்டுக்கு 1,25,000 முறை நன்றாகக் குனிந்து நிமிர்கிறார் என்ற மதிப்பீட்டை வைத்தால், சோதனையில் ஓட்டும் ஒரு கோடி சுழற்சி என்பது 80 ஆண்டுக் குனிதல். ஐஎஸ்ஓ 18192 தரநிலையில் விநாடிக்கு ஒரு சுழற்சி, ஆக ஏறக்குறைய நான்கு மாதம். வேகத்தைக் கூட்டிவிடலாமே என்றால், உரசல் சூட்டில் பிளாஸ்டிக்கின் குணம் மாறிவிடும். டிஸ்க் 37 டிகிரி சூட்டில், நீர்த்த கன்றுக்குட்டி ரத்தச் சீரத்தில் மூழ்கியிருக்கும். பாரம் 600 நியூட்டனிலிருந்து 2,000 வரை ஏறி இறங்கும். குறிப்பிட்ட இடைவெளிகளில் வெளியே எடுத்துக் கழுவி, உலர்த்தி, நுண்தராசில் நிறுப்பார்கள். இதில் ஒரு சூட்சுமம்: பிளாஸ்டிக் சீரத்தை உறிஞ்சி எடை கூடும், தேய்ந்த எடை அதில் மறைந்துபோகும். அதனால் அசையாமல் ஊற மட்டும் செய்யும் வேறு டிஸ்க்கையும் வைத்து, அதில் ஏறிய எடையைக் கழிக்கிறார்கள்.

முன்பின்னாக மட்டும் ஆட்டினால் போதாது என்பதுதான் இந்தச் சோதனையில் எனக்குப் பிடித்த பகுதி. பாலிஎத்திலீனை ஒரே கோட்டில் தேய்த்தால் அதன் நீண்ட மூலக்கூறுகள் அந்தத் திசையில் படிந்து வரிசையாகிவிடும். தேய்மானம் வெகுவாகக் குறையும். குறுக்கே இழுத்தாலோ அந்த வரிசை பிரிந்து துகள் துகளாக உதிரும். ஒரே திசையில் ஆட்டும் இயந்திரம் அந்த பிளாஸ்டிக்குக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடும்; நடந்துகொண்டே திரும்பி ஒருபக்கம் சாயும் மனிதன் கொடுக்கமாட்டான். ஆகவே முன்னே 6 டிகிரி, பின்னே 3, பக்கவாட்டில் 2, முறுக்கில் 2 என எல்லாம் ஒரே சமயத்தில், தாளம் பிசகிக் கலந்து வருமாறு ஆட்டுகிறார்கள்.

ஆனால் நோயாளிகளிடமிருந்து திரும்ப எடுக்கப்பட்ட சாரிட்டே டிஸ்க்குகளை ஆராய்ந்தவர்கள் வில்லையின் விளிம்பில் நசுங்கலும் விரிசலும் கண்டார்கள். அசைவின் எல்லைக்குப் போகும்போது உலோகத் தகடுகள் விளிம்பைக் கவ்வியிருந்தன. இயந்திரத்தின் அந்த 6 டிகிரி, 3 டிகிரிக்குள் விளிம்பு எங்கும் இடிபடுவதில்லை. வேண்டுமென்றே விளிம்பில் இடிக்கவைத்துச் சோதிப்பதற்கென ஏஎஸ்டிஎம் தனி வழிகாட்டி ஒன்றை 2018இல் வெளியிட்டது. பெர்லினில் முதல் டிஸ்க் பொருத்தப்பட்டு அப்போது முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.