தற்கொலைத் தடுப்பும் மலையகச் சுகாதார ஊழியரும்

1846இல் மார்க்ஸ், பாரிஸ் பொலிஸ் ஆவணக் காப்பாளராகவிருந்த பெஷே என்பாரின் நினைவுக்குறிப்புகளிலிருந்து தற்கொலை பற்றிய பகுதிகளைத் தெரிந்து வெளியிட்டார். அவற்றில் விரித்துரைக்கப்படும் நால்வருள் மூவர் பெண்கள். ஆலையன்று, குடும்பத்தின் கொடுங்கோன்மையே அங்கு முன்னிற்கிறது. எல்லாத் துயரையும் கூலிக்குள் அடக்கிவிடும் நம்மவர் சிலர் இதனைக் கவனித்தல் நன்று.

இலங்கையின் தற்கொலை வீதம் 1995இல் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 ஆக உயர்ந்து, பின்னர் அரைவாசிக்கும் கீழிறங்கியது. துயரம் அவ்வளவிற்குக் குறைந்துவிட்டதென எவரும் கூறார். கொடிய நஞ்சுடைய பூச்சிகொல்லிகள் 1984 முதல் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டமையே இதன் முதன்மைக் காரணம். நெருக்கடி வேளை பெரும்பாலும் குறுகியது. அதைக் கடந்தோரில் மிகப் பெரும்பாலோர் வாழ்வையே தெரிகின்றனர். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டப்பிரிவும் 1998இல் நீக்கப்பட்டது.

ஆயின் வட்டவளைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண், “மனச்சோர்வு” என்று கூறி மருந்தகத்துக்கு வருவதில்லை. தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை என்றே வருகிறாள். “இனி இருந்து என்ன?” என்று அவள் இடையிற் கூறுவது வெறும் சலிப்பா, சாவு பற்றிய எண்ணமா? மலையகப் பேச்சுத் தமிழை அறியாத வைத்தியருக்கு இவ்வினாவே எழாது. இலக்கிய மாணவராகிய நாம் இதிற் கூறக்கூடியது உண்டென்று எண்ணுகிறோம்: பயிற்சியின் முதற்பாடம் மொழியே. ஐயம் எழுந்தால், “செத்துப்போகலாம்னு நெனைக்கிறீங்களா?” என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்பது அவ்வெண்ணத்தை விதைப்பதில்லை, பேசுவதற்கு வழிதிறக்கிறது.

இரண்டாம் பாடம் தொடர்பு. கொழும்பு, சென்னை உள்ளிட்ட ஐந்து இடங்களில் உலகச் சுகாதார நிறுவனம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், முயற்சியின்பின் உயிர்தப்பியோருடன் ஒரு மணிநேரம் உரையாடி, 18 மாதங்களில் ஒன்பது தடவை நலம் விசாரித்தனர். இவர்களுள் தற்கொலையால் இறந்தோர் 0.2 வீதம், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றோருள் 2.2 வீதம். விலையுயர்ந்த மருந்தேதும் இதிலில்லை.

நாவலப்பிட்டியிலோ டிக்கோயாவிலோ வைத்தியசாலையை விட்டு வீடு திரும்புபவரை யார் விசாரிப்பது? தோட்ட வைத்திய உதவியாளரும் மருத்துவமாதுமே அதற்கு அண்மையில் உள்ளோர். பயிற்சி முதலில் அவர்களைச் சேர வேண்டும். லயத்துச் சுவரோ பேச்சை மறைக்காது. சந்திப்பு மருந்தகத்தில், கதவடைத்த அறையில் நிகழ வேண்டும். அதற்காக வரும் தொழிலாளிக்கு அரைப்பேர் போடப்படாதிருக்க வேண்டும். இக்கடைசி நிபந்தனையை வைத்தியர் எழுதித் தர இயலாது. தொழிற்சங்கம் நிர்வாகத்திடம் கேட்டுப் பெற வேண்டியது அது.