சிறு சவுக்குத் தோப்புக்கு வேண்டிய கருவிகளும் வண்டிகளும்

சென்னைக்குத் தெற்கே செங்கற்பட்டு, விழுப்புரம், கடலூர், நாகப்பட்டினம் முதலிய ஜில்லாக்களின் மணற்பாங்கான நிலங்களில் சவுக்கு பயிரிடுவது நெடுநாளைய வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்டணத்து அடுப்புகளுக்கும் ரயில் எஞ்சின்களுக்கும் விறகாகச் சென்ற இம்மரம், இன்று காகித ஆலைகளுக்கும், கட்டட வேலைச் சாரத்துக்கும், பந்தற்காலுக்கும் செல்கிறது. தோப்புடையவர்களில் அநேகர் ஓரிரண்டு ஏக்கர் நிலமுள்ள குடியானவர்களே. நட்ட மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரே முறை வெட்டிப் பணம் காணும் பயிர் இது. ஆகையால் வெட்டுக்கூலியும் வண்டிக்கூலியும் அளவுக்கு மிஞ்சினால், அத்தனை ஆண்டு காத்திருந்த பலன் ஒரு வாரத்தில் கரைந்துபோகும். அதற்கு அஞ்சிக் கடன்பட்டு யந்திரங்களை வாங்கினாலோ, அதே நஷ்டம் வட்டியின் உருவில் வந்து சேரும். எதைச் சொந்தமாக வைத்துக்கொள்வது, எதைச் சங்கத்தின் மூலம் பொதுவில் வைத்துக்கொள்வது, எதை வாடகைக்கு அமர்த்துவது என்பதை அங்கத்தினர்கள் அறியும் பொருட்டு இவ்விஷயம் இங்கே விளக்கப்படுகிறது.

1. முதலில் பாதை

வண்டியைப் பற்றிய யோசனை கன்று நடும்போதே எழ வேண்டும். மீட்டருக்கு ஒரு கன்றாக நட்டால் ஏக்கருக்குச் சுமார் 4,000 கன்றுகள் பிடிக்கும். ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டால் சுமார் 1,800 கன்றுகள் பிடிக்கும். முதல் வகைத் தோப்பில் மண்வெட்டி பிடித்த ஆள் களை எடுக்கலாம். இரண்டாவது வகையில், கையால் தள்ளிச் செல்லும் சிறு களையெடுக்கும் யந்திரமும் வரிசைகளின் நடுவே செல்லும். சாதாரண டிராக்டரோ ஏறக்குறைய ஆறு அடி அகலமுள்ளது. மரங்கள் எழுந்த பின் இரண்டிலும் நுழையாது.

எனவே, சாலை ஓரத்திலிருந்து தோப்பின் நடுவே 12 அடி அகலமுள்ள ஒரு பாதையை நடாமல் விட வேண்டும். சதுரமான ஓர் ஏக்கரில் இதனால் குறையும் நிலம் நூற்றுக்கு ஆறு பங்குக்கும் குறைவு. பாதை இருந்தால் எந்த மரத்தையும் 100 அடிக்கு மேல் தோளில் சுமக்க வேண்டியதில்லை. இல்லாவிடில், தோப்பின் உட்கோடியிலுள்ள மரத்தை அதைப்போல் இரு மடங்கு தூரம் சுமக்க நேரும். அந்தக் கூலியை மரம் வாங்கும் வியாபாரி தம் கையிலிருந்து கொடுக்கமாட்டார், விலையில் கழித்துக்கொள்வார்.

2. சொந்தமாக இருக்க வேண்டியவை

மண்வெட்டி, கடப்பாரை, வெட்டரிவாள், கோடாலி, கைரம்பம், சருகு கூட்டும் வாரி, அரம், சாணைக்கல் ஆகிய இவை ஒவ்வொரு தோப்புக்காரர் வீட்டிலும் இருக்க வேண்டும். இவற்றுக்கு ஆண்டு முழுவதும் வேலை உண்டு. குழி எடுக்கவும் வரப்புக் கட்டவும் மண்வெட்டி வேண்டும். அடிப்பக்கத்துக் கிளைகளைக் கழித்து மரத்தை நேராக வளர்க்க அரிவாளும் கைரம்பமும் வேண்டும். தடித்த கிளையை அரிவாளால் ஓங்கி வெட்டினால் பட்டை கிழிந்து அடிமரத்தில் காயம் உண்டாகும்; அதை ரம்பத்தால் அறுப்பதே முறை. சவுக்கு அடிக்கட்டையிலிருந்து நன்றாகத் துளிர்ப்பதில்லை. ஆதலால் அறுவடைக்குப் பின் கட்டையைப் பெயர்த்து விறகாக விற்று, நிலத்தைத் திருத்தி மறுபடியும் நட வேண்டும். இதற்குக் கடப்பாரையும் கோடாலியும் உதவும். கட்டைகள் மிகுதியானால், மண் தோண்டும் யந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு அமர்த்துவது லாபம்.

மழுங்கிய கோடாலி ஆளைக் களைப்பிப்பதோடு வழுக்கிக் காலிலும் படும். வேலைக்குப் புறப்படுமுன் தீட்டுவதும், வேலை முடிந்தபின் துடைத்து எண்ணெய் தடவி வைப்பதும் வழக்கமாக வேண்டும்.

3. பொதுவில் இருக்க வேண்டியவை

சங்கிலி ரம்பம், களையெடுக்கும் யந்திரம், டிராக்டரால் இயங்கும் பட்டை உரிக்கும் யந்திரம் ஆகியவை சில நாட்களே தேவைப்படுபவை. இவற்றைத் தனியொருவர் வாங்குவது எத்தகையது என்பதை ஒரு கணக்கால் காண்போம். தொகைகள் உதாரணத்துக்காகவே கொள்ளப்பட்டவை.

ஒருவர் 24,000 ரூபாய்க்குச் சங்கிலி ரம்பம் ஒன்று வாங்குகிறார். அது ஆறு ஆண்டு உழைக்குமானால் தேய்மானம் ஆண்டுக்கு 4,000 ரூபாய். நூற்றுக்குப் பத்து வீதம் வட்டி 2,400 ரூபாய். பழுதுபார்க்க 1,600 ரூபாய். ஆக ஆண்டுச் செலவு 8,000 ரூபாய். அவர் ஆண்டில் நான்கு நாள் உபயோகித்தால், பெட்ரோலும் ஆள் கூலியும் நீங்கலாக, நாள் ஒன்றுக்கு 2,000 ரூபாய் ஆகிறது. அதே ரம்பத்தைச் சங்கம் வாங்கி, இருபது அங்கத்தினர்கள் நான்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டால் 80 நாள் வேலை நடக்கும். அதிக வேலையால் அது மூன்றே ஆண்டில் தேய்ந்து, பழுதுச் செலவும் 5,600 ரூபாயாக உயர்கிறதென்று கொண்டாலும், மொத்தம் 16,000 ரூபாய்தான். நாளுக்கு 200 ரூபாய். பத்தில் ஒரு பங்கு!

சிறு குடிகளின் கடன் தொல்லையைத் தீர்க்க 1904ஆம் ஆண்டில் திரூர் கிராமத்தில் ஏற்பட்ட கூட்டுறவுச் சங்கத்தின் தத்துவமும் இதுவே. இன்று தமிழ்நாட்டில் பல தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் உழவு யந்திரங்களை வாடகைக்கு விடுகின்றன. தோப்பு வேலைக்குரியவற்றையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம்.

4. சங்கிலி ரம்பத்தில் எச்சரிக்கை

நேரத்தை மிச்சப்படுத்தும் இக்கருவியே கவனக்குறைவால் உயிரையும் வாங்கும். பழகிய ஒருவரிடமே இதை ஒப்படைக்க வேண்டும். வேட்டியும் தோளில் தொங்கும் துண்டும் சங்கிலியில் சிக்கும். கால்சட்டை, கனத்த பூட்ஸ், தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பு ஆகியவை அவசியம். ரம்பத்தின் நுனி மரத்தில் பட்டால் அது ஆளின் முகத்தை நோக்கித் திடீரென எகிறும். ஆகவே நுனியால் அறுக்கலாகாது, தோளுக்கு மேல் தூக்கியும் அறுக்கலாகாது. மரம் சாயும்போது அதன் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரத்துக்குள் வேறு எவரும் நிற்கக் கூடாது. பெட்ரோலில் கலக்க வேண்டிய எண்ணெயின் அளவு, யந்திரத்தோடு வரும் குறிப்பின்படியே இருக்க வேண்டும். ஐம்பதுக்கு ஒன்று என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லிலிட்டர். எண்ணெய் கலவாத பெட்ரோல் எஞ்சினைச் சிறிது நேரத்தில் பாழாக்கிவிடும். சூடான யந்திரத்தைச் சருகின்மேல் வைப்பதும், தோப்பினுள் பெட்ரோல் ஊற்றுவதும் தீக்கு அழைப்பாகும். கோடையில் தண்ணீர்ப் பீப்பாய் ஒன்று பாதையில் நிற்கட்டும்.

5. வண்டிகள்

ஒவ்வொரு வண்டிக்கும் அதற்குரிய தூரம் உண்டு. தோப்பிலிருந்து பாதை வரை ஆளின் தோளே போதும். பாதையிலிருந்து சாலை வரை டயர் பூட்டிய மாட்டு வண்டியோ டிராக்டர் பெட்டியோ ஏற்றது. இரும்புப் பட்டை போட்ட சக்கரம் மணலில் புதைந்து மாட்டை வதைக்கும். டயர் அவ்வளவு புதையாது. சாலையிலிருந்து ஆலைக்கு லாரிதான் சிக்கனம். ஒரு லாரிக்குப் போதிய மரம் ஓர் அங்கத்தினரிடம் இல்லாவிடில், அடுத்தடுத்த தோப்புக்காரர் இருவர் மூவர் ஒரே வாரத்தில் வெட்டிச் சேர்த்து ஏற்றலாம். பச்சை மரம் உலர உலர எடை குறையும். எடைக்கு விற்பவர், வண்டி வரும் நாளை உறுதி செய்துகொண்டே கோடாலியை எடுக்க வேண்டும்.

கம்புகளைப் பெட்டியின் நீளத்துக்கு அறுத்தே ஏற்ற வேண்டும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பு இருட்டில் வருபவரைக் குத்தும். சுமையின்மேல் ஆட்களை ஏற்றக் கூடாது. விவசாயத்துக்கென்று பதிவான டிராக்டரைப் பிறர் சரக்குக்கு வாடகைக்கு ஓட்டினால், விபத்தில் இன்ஷூரன்ஸ் தொகை கிடைக்காமற் போகலாம்.

6. சங்கம் செய்ய வேண்டியது

2011 டிசம்பர் 30ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த 'தானே' புயலில் முந்திரி, பலா, சவுக்குத் தோப்புகள் பெருஞ்சேதமடைந்தன. அத்தகைய நாளில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் ரம்பமும் வண்டியும் வேண்டும். கூலியும் வாடகையும் ஏறும், மர விலையோ இறங்கும். அப்பொழுது சங்கத்துக்கென ஒரு ரம்பமும், பழகிய ஆளும், தோப்புகளில் பாதையும் இருப்பின், விழுந்த மரத்தையாவது காசாக்கலாம்.

ஆகவே அங்கத்தினர்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் மூன்று காரியங்களைத் தீர்மானிப்பது நலம். முதலாவது, யாருடைய தோப்பு எந்த ஆண்டில் வெட்டுக்கு வரும் என்று ஒரு பதிவேடு எழுதுவது. இரண்டாவது, அப்பதிவேட்டின்படி வேலை நாட்களைக் கூட்டிப் பார்த்து, போதிய நாள் வேலை உள்ள யந்திரத்தை மட்டும் வாங்குவது. மூன்றாவது, வாடகையில் ஒரு பகுதியைப் பழுதுக்கும் புது யந்திரத்துக்குமான நிதியாக ஒதுக்குவது. இந்நிதியை ஒதுக்காத சங்கத்தில் யந்திரம் முதற் பழுதோடு மூலையில் துருப்பிடிக்கும். ஒதுக்கிய சங்கத்தில், இன்று நடும் கன்று வெட்டுக்கு வரும் நாளிலும் ரம்பம் கூர்மையோடு காத்திருக்கும்.